உயிரோடிருந்தால் இரண்டு தட்டு

“முப்பத்தொரு வருஷமா நோயாளி ஒருத்தர்கிட்டகூட ஒரு வார்த்தை பேசினதில்ல. இனிமேலும் பேசப்போறதில்ல. உயிரோட இருக்கிறவங்க பொய் சொல்லுவாங்க. சதைத் துணுக்கு சொல்லாது.”

மருத்துவமனை இயக்குநரின் வழியனுப்பு விருந்தில், சுட்ட விலா எலும்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி திசு ஆய்வுக்கூடத்து சுல்மா பிதேகைன் இப்படி அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். இயக்குநரும் தட்டினார். தானும் உயிரோடிருப்பவர்தான் என்பது அவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்ததாம்.

உருகுவேயின் இந்த எல்லையோர ஊரில் யாருடைய உடம்பிலிருந்து எந்தத் துணுக்கை வெட்டியெடுத்தாலும் அது சுல்மாவின் மேசைக்குத்தான் வரும். மெழுகில் புதைத்து, பனிக்கட்டிமேல் குளிரவைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏந்துவார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் தும்மக் கூடாது. மெழுகுக் கட்டிகளிடம் மட்டும் அவருடைய நாக்கு ஓயாது. “வாங்க துரை, கொஞ்சம் குளிரும், பொறுத்துக்கணும்.” “ஏன் ராசா இப்படிச் சுருங்குற? நான் என்ன உன்னைத் திட்டினேனா?” இது பேச்சில் சேராது என்பது அவருடைய கட்சி. கட்டிகளும் மறுத்ததில்லை.

ஆய்வுக்கூடத்துக்குள் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர் குடிக்கத் தடை உண்டு. சட்டத்தை மதிக்கும் பெண்மணி என்பதால் சுல்மா நாற்காலியை வாசற்படியில் போட்டு, கால்களைக் கூடத்துக்குள்ளும் வாயை நடைவழியிலும் வைத்துக்கொள்வார். கக்கத்தில் ஃபிளாஸ்க், கையில் சுரைக்குடுவை. சூடு மிஞ்சினால் தொண்டையில் புற்று வைக்கும் என்று, வெந்நீரில் ஆய்வுக்கூடத்து வெப்பமானியை விட்டுப் பார்க்காமல் உறிஞ்ச மாட்டார். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவர்கள் அந்த வழியாகப் போனால் குடுவையை ஒரு பார்வை, தொண்டையை ஒரு பார்வை பார்ப்பார். அவர்கள் அடுத்த முறை வேறு நடைவழியில் போவார்கள்.

இப்படி நிம்மதியாக நடந்துகொண்டிருந்த வாழ்க்கையில் டாக்டர் அனாயீ சோசா ஒரு ஆராய்ச்சியைக் கொண்டுவந்து வைத்தார். தொண்டைப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களில் யார் பிழைப்பார்கள் என்று புற்றுக்கட்டியின் திசுவைப் பார்த்தே சொல்ல முடியுமா என்பது கேள்வி. செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் ஒரு புரதம் உண்டு. அது இருக்கும் இடத்தில் சாயம் பழுப்பாக ஏறும். ஓடு பதித்த தரையில் சிமெண்டுக் கோடு போல, ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு தெரிந்தால் செல்கள் கையைக் கோத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று நம்பலாம். கோடு அழிந்திருந்தால் ஊர்சுற்றக் கிளம்பிவிட்டன என்று பொருள்.

ஏழெட்டு வருடம் பழைய மெழுகுக் கட்டிகள் எண்பத்தாறையும் சுல்மா தன் கையால் சீவிச் சாயமேற்றினார். முப்பதில் பழுப்புக் கோடு பளிச்சென்று வந்தது. அந்த முப்பது தகட்டின் ஓரத்திலும் பென்சிலால் ‘இருப்பார்’ என்று எழுதிவைத்தார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது, அந்த நோயாளிகள் உண்மையிலேயே இருக்கிறார்களா என்று பார்ப்பது. அந்த வேலை பதிவேட்டுப் பிரிவு வாஷிங்டனிடம் போனது. மூன்று வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு அவர் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார். முப்பது பேரில் ஒன்பது பேருக்கு நேரே ‘பதில் இல்லை.’

டாக்டர் அனாயீ தயங்கித் தயங்கி வாசற்படிக்கு வந்து, மரியாதைக்கு ஒரு ‘தோன்யா’ சேர்த்துக் கூப்பிட்டார். “தோன்யா சுல்மா, நல்லா இருப்பாங்கன்னு சொன்ன பக்கத்துலதான் ஆளையே காணோம். சாயம் ஒருவேளை… கொஞ்சம் தூக்கலா ஏறிடுச்சோ? கட்டிகளைத் தலைநகர் மோந்தெவிதேயோவுக்கு அனுப்பி, அங்கேயே மறுபடி போடச் சொல்லிடலாமா?”

முப்பத்தொரு வருடத்தில் சுல்மாவின் காதில் விழுந்த மிக ஆபாசமான வாக்கியம் அதுதான்.

“திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்க டாக்டரம்மா” என்று மட்டும் சொன்னார். குடுவையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பதிவேட்டுப் பிரிவுக்குப் போய், வாஷிங்டனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“கூப்பிடு, பார்க்கிறேன்.”

வாஷிங்டன் எண்ணைச் சுழற்றினார். “ஹலோ? மருத்துவமனை. ஹலோ? யாருங்க? ஹலோ?” பொத்தென்று வைத்தார். “பார்த்தீங்களா? எடுக்கிறாங்க, மூச்சு விடுறாங்க, பேச மட்டும் மாட்டேங்கிறாங்க. ஒன்பதுல முக்கால்வாசி இதே கதைதான். மரியாதை தெரியாத ஜனங்க.”

சுல்மா நோயாளிக் கோப்புகளைப் புரட்டினார். ஒன்பதிலும் ஒரே வரி: குரல்வளை முழுவதும் அகற்றப்பட்டது. தனியாக வசிப்பவர். பிள்ளைகள் வெளியூர்.

“அடப்பாவி, இவங்களுக்குக் குரலே கிடையாதுய்யா! பிள்ளைங்க பேசுறதைக் கேட்கத்தான் போனே வச்சிருக்காங்க. எதை வச்சு உனக்குப் பதில் சொல்லுவாங்க?”

“எனக்கு யாரு சொன்னா? ஃபார்ம்ல ‘பதில் இல்லை’ன்னு ஒரு கட்டம் இருக்கு. பதில் இல்ல. போட்டேன்.”

“மறுபடி கூப்பிடு.”

“ஐயோ, நான் மாட்டேன் தோன்யா. ஏற்கனவே மூணு தடவை தொந்தரவு பண்ணியாச்சு. திட்டுவாங்க.”

“எப்படித் திட்டுவாங்க?”

சுல்மா ரிசீவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதலில் கூப்பிட்டது நாற்பத்தேழாம் எண் கட்டியை: அபரீசியோ தெச்செரா, ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்.

“மருத்துவமனையிலிருந்து பேசுறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உயிரோட இருந்தா போன்ல ரெண்டு தட்டு தட்டுங்க. செத்துப்போயிருந்தா வச்சிடுங்க.”

சிரிப்பாக இருக்கக்கூடிய ஒரு காற்றுச் சத்தம். அப்புறம், டொக், டொக்.

சுல்மாவின் காதுமடல் சிவந்துவிட்டது. நோயாளியிடம் பேசியாயிற்றே என்று வாஷிங்டன் வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டார்: “இது பேச்சு இல்ல. பரிசோதனை. அவரு ஒரு வார்த்தை பேசினாரா?”

சனிக்கிழமை மாலைக்குள் ஒன்பதில் ஏழு பேர் தட்டிவிட்டார்கள். ஒருவர் ஏழெட்டு முறை தட்டினார். அவர் ஏதோ சண்டைக்கு வந்தார் என்பது சுல்மாவின் ஊகம். மீதி இரண்டில் ஒரு எண் இப்போது ஒரு இறைச்சிக்கடையுடையது. மற்றதை யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை டாக்டர் அனாயீ கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தார்.

“சாயம் சரியாத்தான் ஏறியிருக்கு தோன்யா.”

“அது எனக்குத் தெரியும்.”

ஆராய்ச்சி அச்சேறி ஒரு வருடம் ஆகிறது. கட்டுரையின் அடியில், நன்றி சொல்லும் இடத்தில், சுல்மாவின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைப் பேனாவால் சேர்த்து வாசற்படிக்கு மேலே ஒட்டியிருக்கிறார். பழுப்புக் கோட்டை இனி எல்லாத் தொண்டைக் கட்டிக்கும் பார்ப்பதென்று முடிவாகி, வேலையும் இரட்டிப்பாகிவிட்டது. அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு, கையுறையைக் கழற்றிவிட்டு, வாஷிங்டனின் மேசைக்கு வந்துவிடுகிறார்.

“இப்ப என்ன தோன்யா? அதான் எல்லாம் முடிஞ்சாச்சே!”

“உயிரோட இருக்கிறது என்ன ஒருநாள் சமாச்சாரமா? சரிபார்க்க வேண்டாமா? நீ அந்தப் பக்கம் திரும்பி உன் வேலையைப் பாரு.”

போன வெள்ளிக்கிழமையும் நாற்பத்தேழாம் எண்ணைத்தான் சரிபார்த்தார். டொக், டொக் என்று வந்தது. சரிபார்ப்பு அதோடு முடிந்தது. சுல்மா வைக்கவில்லை. மழை நாள் வழக்கப்படி ரொட்டி பொரித்ததைச் சொன்னார், கருகியதையும் சொன்னார். புது இயக்குநரின் மீசையைப் பற்றி இருபது வார்த்தை சொன்னார். “உங்க ஆடு குட்டி போட்டுச்சா? எத்தனை?” மூன்று தட்டு வந்தது. “மூணா! பால் எப்படிப் பத்தும்?” என்று தானே கேட்டு, தானே ஒரு வழியும் சொல்லி முடித்தார்.

அதற்குமேல் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கம்பி சும்மா இரைந்துகொண்டிருந்தது. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து, யாரும் கேட்காமலே, டொக், டொக் என்று வந்து நின்றது. காத்திருந்தது.

சுல்மா வாஷிங்டனின் முதுகை ஒருமுறை பார்த்தார். பிறகு சுட்டுவிரல் நகத்தால், சத்தம் வெளியே கேட்காதபடி, ரிசீவரில் இரண்டு தட்டு தட்டினார்.