சாமி ஆள் பார்க்குமா என்று கேட்டவர்

திருமங்கலம் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டைம்கீப்பர் வந்து, "அண்ணே, தவமணி டிரைவர் காலையில தவறிட்டாரு. கோச்சடை வீட்டுலதான் வச்சிருக்காக" என்றார். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

ஒன்பது வருடம் அவர் வண்டியில் நான் கண்டக்டர். வேகம் போகாத டிரைவர் என்று எங்கள் ரூட்டில் பயணம் செய்த உங்களில் பலர் அவரை அறிவீர்கள். நான் சொல்ல வேண்டியது வேறு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள். எதிரே வந்த லாரி டயர் வெடித்து எங்கள் பக்கம் திரும்பியது. தவமணி கண்ணிமைக்கும் நேரத்தில் பஸ்ஸை வயலுக்குள் இறக்கினார். உள்ளே இருந்த அத்தனை பேரும் பிழைத்தோம். முன்படியில் நின்ற கொத்தனார் ஒருவர் மட்டும் விழுந்து இறந்துபோனார்.

பதினைந்து நாள் கழித்து, பிழைத்தவர்கள் ரோட்டோரக் கோயிலில் பொங்கல் வைத்து, தவமணிக்கு மாலை போட்டார்கள். "நம்மளக் காப்பாத்தணும்னு சாமி நெனச்சுச்சு. அதான் இவர ஓட்ட வச்சுச்சு" என்றார் ஒருவர். எனக்குக் கண் கலங்கியது. வழக்கமாக முன்படியில் நிற்பவன் நான். அன்று டிக்கெட் போடப் பின்னால் போயிருந்தேன். சாமி என்னை எதற்கோ விட்டுவைத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தின் ஓரத்தில் கொத்தனாரின் மனைவி நின்றிருந்தார். "அப்ப எம் புருசன் வேணாம்னு நெனச்சுச்சாய்யா?" என்று கேட்டார்.

தவமணி மாலையைக் கழற்றிவிட்டு அவரிடம் போனார். "சாமி நம்மள மாதிரி ஆள் பாத்து யோசிக்குமா தாயி? நான் அப்படி நெனைக்கல. பக்கத்துல வயலு இருந்துச்சு, திருப்புனேன். உன் வீட்டுக்காரர என்னால காப்பாத்த முடியல. அம்புட்டுதான்." புருஷன் போன நாளிலிருந்து அழாமல் இருந்த அந்தப் பெண் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

எனக்குக் கோபம். திரும்பி வரும்போது கேட்டேன்: "அப்புறம் எதுக்கண்ணே தெனமும் கும்புட்டு வண்டியெடுக்குறீக?"

"சாமி இருக்குன்னுதான் கும்புடுறேன் மாப்ள. அது என்ன நெனைக்குதுன்னு எனக்கெப்படித் தெரியும்? ஒன்னைய ஏத்திக்கிட்டு அவர எறக்கிவிட்டுச்சுன்னா, அது சாமியா, டிக்கெட் செக்கரா?"

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில வருடம் கழித்து என் மனைவி காய்ச்சலில் இறந்தபோது, வந்தவர்கள் சாமி ஏன் அவளை எடுத்துக்கொண்டது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தவமணி மட்டும் எதுவும் சொல்லவில்லை. மூன்று நாள் தொடர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆறுதல் அதுதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டதும் அதுதான். துக்க வீடுகளில் சாமி சார்பாக நான் பேசுவதில்லை. பக்கத்தில் போய் உட்காருகிறேன். இப்படிப்பட்டவர் ஓட்டிய வண்டிக்கு விசில் ஊதியவன் நான். அந்தப் பெருமை எனக்குப் போதும்.