பொறிக்குள் மாட்டிய திருநெல்வேலி

குட்டப்பன் அண்ணனைப் பற்றிச் சொல்லச் சொன்னால் முதலில் அவருடைய வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கையைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். கை நல்ல கைதான். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எந்த ரேடியோ வாயை மூடினாலும் அவர் திறக்க வைத்துவிடுவார். ஆனால் அது பேச ஆரம்பித்த பிறகு இவர் நிறுத்தினால்தானே அது என்ன சொல்கிறது என்று நமக்குக் கேட்கும்?

எனக்கு இது நன்றாகத் தெரியும். கேரள எல்லையில், செங்கல் என்ற ஊரிலிருந்து தனுவச்சபுரம் போகிற வழியில் அவருடைய ரேடியோ கடையும் என் தையல் கடையும் ஒட்டி இருந்தன. நடுவில் ஒரு பலகை. அந்தப் பலகை வழியாக நான் படித்த எலெக்ட்ரானிக்ஸ், பணம் கட்டிப் படித்தவர்களுக்குக்கூடக் கிடைத்திருக்காது. எனக்கு வேண்டாம் என்றாலும் விடமாட்டார்.

தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று சமயம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரமானால் எங்கள் பக்கம் கரண்ட் சோர்ந்துவிடும். பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். அதனால் வீட்டுக்கு வீடு ஸ்டெப்-அப் பெட்டி. எல்லாம் குட்டப்பன் அண்ணன் சுற்றிக் கொடுத்ததுதான். இரும்புத் தகடுகளை அடுக்கி, அதன்மேல் செம்புக் கம்பியில் இரண்டு சுற்று. ஒரு சுற்றில் கரண்ட் முன்னும் பின்னும் ஆடினால், இரும்பு வழியாக அந்த ஆட்டம் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். இரண்டாவது சுற்றில் கம்பி அதிகமாக இருந்தால் வோல்ட்டேஜும் அதிகம்.

"ஆனா சும்மா ஒண்ணும் கிட்டாது பிள்ளே. இந்தப் பக்கம் வோல்ட்டேஜ் கூடுனா அந்தப் பக்கம் லைன்ல இருந்து இழுக்கியதும் கூடும்" என்பார்.

"எல்லா வீட்டுலயும் பெட்டி வச்சு இழுத்தா லைன்ல என்ன மிஞ்சும் அண்ணே?"

"அது சயன்ஸாக்கும். ஒனக்கு மனசிலாவாது."

எனக்கு நன்றாகவே மனசிலானது. ஊரே இழுத்தது, பல்பு இன்னும் சிவந்தது, உடனே எல்லாரும் இன்னும் பெரிய பெட்டி வேண்டும் என்று அவரிடமே வந்து நின்றார்கள்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது தேன் விஷயம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

அவருடைய மனைவி கார்த்தியாயினி அக்கா ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டி வைத்திருந்தார். ரப்பர் தளிர்க்கிற மாதங்களில் விடிவதற்கு முன்பே போய்விடுவார். தேங்காய் மட்டையைப் புகைத்து ஈயை ஒதுக்குவது, அடையை எடுப்பது, தேனைப் பிழிந்து வடிகட்டுவது எல்லாம் அவர்தான். தேன் எடுக்கும் நாள் வந்தால் அண்ணனுக்கு நெய்யாற்றின்கரையில் அவசரமாக ஒரு கண்டென்சர் வாங்க வேண்டியிருக்கும். ஈயின் சத்தம் ஓய்ந்த பிறகே திரும்புவார். ஆனால் குப்பிகள் இருந்தது ரேடியோ கடையில். அவற்றில் அண்ணன் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தது 'குட்டப்பன் தேன்'.

வருகிறவர்கள் அவரைப் பாராட்டுவார்கள். இவரும் ஒரு வார்த்தை மறுக்காமல் ராணி ஈயின் குணநலன்களைப் பற்றி விளக்குவார். உள்ளே குப்பி கழுவிக்கொண்டு அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். என் தேனுக்கு ஏன் உங்கள் பேர் என்று ஒருதரம் கேட்டும் பார்த்தார். "கடை எனக்க பேருல இருக்கு, குப்பி கடையில இருக்கு. இதுல என்ன வித்தியாசம்?" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஒரு ரேடியோவைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பவர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. திருநெல்வேலி ரேடியோவிலிருந்து வந்தவர்கள் அக்காவிடம் மைக்கை நீட்டிப் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனார்கள். இன்ன நாள் சாயங்காலம் விவசாய நிகழ்ச்சியில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். என்ன பேசினார் என்று அண்ணனிடம் அக்கா சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்.

"எனக்க தேன்ணு பேரு போட்டுச் சொல்லியிருக்கேன் ஷியாமளா. நான் இஞ்ச நின்னு சொன்னா புருஷன் பொண்டாட்டி வழக்குண்ணு சிரிப்பினும். ரேடியோல வந்தா நம்புவினும். ஒருக்கா எல்லாரும் கேட்டாப் போதும்."

அண்ணனோ, அக்கா தன்னைப் புகழ்ந்துதான் பேசியிருப்பார் என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். அன்று சாயங்காலம் கடைக்கு வரும்படி போகிறவர் வருகிறவரையெல்லாம் அழைத்தார்.

ஆனால் ஒரு சிக்கல். எங்கள் ஊருக்குத் திருவனந்தபுரம் பக்கம், திருநெல்வேலி தூரம். ரேடியோ முள்ளில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். திருநெல்வேலியை வைத்தால் அதன்மேல் திருவனந்தபுரம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தமிழில் வாழைக்குலை விலை சொல்லும்போதே மலையாளத்தில் நாடகம் ஓடும். எங்கள் வாயிலும் இரண்டும் கலந்தே வருவதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு மட்டும் அது கூடாது என்று அண்ணன் ஒரு பொறி செய்தார்.

பொறி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கம்பிச் சுருள், அதற்கு ஒரு சிறிய கண்டென்சர், கண்டென்சரில் திருப்புவதற்கு ஒரு திருகு. நெய்யாற்றின்கரை பஸ்ஸில் கடைசி ஜன்னல் கண்ணாடி ஒரு வேகத்தில் மட்டும் கடகடவென்று ஆடும். வேகம் கூடினாலும் ஆடாது, குறைந்தாலும் ஆடாது. அதுபோல இந்தச் சுருளும் கண்டென்சரும் சேர்ந்தால் ஒரே ஒரு நிலையத்தின் அலைக்குத்தான் ஆடும். திருகைத் திருப்பினால் எந்த அலைக்கு ஆட வேண்டும் என்பதை மாற்றலாம். தென்னை மரத்திலிருந்து வருகிற ஏரியல் கம்பிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் இதை வைத்துவிட்டால் மற்ற நிலையமெல்லாம் கடந்துபோகும். அந்த ஒன்று மட்டும் பொறிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டு கிடக்கும், ரேடியோவுக்குப் போகாது.

"திருவனந்தபுரத்த இதுல பிடிச்சு அடைச்சுட்டா திருநெல்வேலி ஒத்தையா வரும்" என்று பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாடம் நடத்தினார்.

குறித்த நாள் காலையில் நான் கடை திறக்கும்போதே அவர் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். பெரிய வால்வு ரேடியோவில் கலங்கிய சத்தம் வந்தது. கூடவே, இரண்டு நிலையமும் மோதுவதால் 'கொய்ங்' என்று ஒரு ஊளை. மெல்ல மெல்லத் திருப்பினார். ஊளை சட்டென்று நின்றது. செய்தி வாசிக்கிற குரல் மட்டும் கழுவிவிட்டதுபோல வந்தது.

"கிட்டிப்போச்சு" என்றார். திருகு அசைந்துவிடக் கூடாது என்று அக்காவின் தேன்மெழுகையே உருக்கி, பொறி முழுவதும் ஊற்றி மூடினார். கொஞ்ச நேரத்தில் மரக்கிளை வெட்டுவதற்காக லைனை நிறுத்தினார்கள். கரண்ட் போனது போனதுதான், சாயங்காலம்தான் வந்தது.

சாயங்காலம் கடை வாசல் நிறைந்துவிட்டது. வாழைக்குலை வியாபாரி பொன்னப்பன் மாமன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தேன் வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் உண்டு. அக்கா நல்ல சேலை கட்டி, என் கடைப் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஸ்டெப்-அப்பைக் கடைசிவரை திருப்பினார். வால்வுகள் சிவந்து, ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கியது.

அப்படி ஒரு தெளிவை நான் ரேடியோவில் கேட்டதே இல்லை. ஒரு ஆண்குரல் நெல்லில் விழும் பூச்சியைப் பற்றிச் சுத்தமான மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தது.

பொன்னப்பன் மாமன் கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டார். "கார்த்தியாயினி நல்ல மலையாளம் பறையியா. தொண்டைதான் கொஞ்சம் கட்டியிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. பொறியைத் தட்டினார், ஏரியலை இழுத்தார்.

"அண்ணே, காலைல திருகு வைக்கும்போ ரேடியோல என்ன ஓடிச்சு?" என்று நான் கேட்டேன்.

"டெல்லி சமஸ்கிருதச் செய்தி."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு முகம் செத்துவிட்டது. அந்தச் செய்தியைத் திருவனந்தபுரமும் டெல்லியிலிருந்து வாங்கித்தான் போடும், திருநெல்வேலியும் வாங்கித்தான் போடும். இரண்டிலும் ஒரே ஆள், ஒரே சமஸ்கிருதம். ஊளை நின்றதும் ஒரு நிலையம் அடைபட்டது என்று தெரிந்தது, எது என்று தெரியவில்லை. மனுஷன் பொறுமையாக அடுத்த நிகழ்ச்சிவரை காத்திருந்து பார்த்திருக்கலாம். யார் சொல்லி அவர் கேட்டிருக்கிறார்? திருநெல்வேலியைப் பிடித்து அடைத்து, மெழுகும் ஊற்றிவிட்டார்.

மெழுகைச் சுரண்டித் திருகைக் கண்டுபிடிப்பதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிடும். பொறியை விலக்கி, ஏரியலை நேரே ரேடியோவில் செருகினார். இரண்டும் கலந்து வந்தது. நெல் பூச்சிக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல, ஒரு பெண்குரல் லேசாகக் கேட்டது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"எனக்க பேச்சு போகுது" என்றார் அக்கா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒருதரம் ஊர் கேட்கட்டும் என்று நின்ற மனுஷி.

அண்ணன் அக்காவைப் பார்த்தார், பொறியைப் பார்த்தார். "எங்கயும் போகல. இதுக்குள்ளதான் ஆடிட்டுக் கிடக்கு" என்றார்.

ஈசாக் என்பவர் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த ஒரு கையடக்க டிரான்சிஸ்டர் மேசையில் கிடந்தது. அதன் ஸ்பீக்கர் கிழிந்திருந்தது, காதில் வைக்கிற இயர்போன் மட்டும் வேலை செய்யும். அண்ணன் ஏரியலைத் திரும்பப் பொறியில் மாட்டி, டிரான்சிஸ்டரைச் சுருளின் பக்கத்தில் ஒட்டி வைத்தார். பொறிக்குள் கிடந்து ஆடுகிற அலை பக்கத்து ரேடியோவில் பலமாக விழும் என்று அவருக்குத் தெரியும். இயர்போனைக் காதில் வைத்து முள்ளை நகர்த்தினார். முகம் தெளிந்தது.

"கேக்குது. நல்லா கேக்குது. கார்த்தியாயினி, இந்தா."

"எனக்கு எதுக்கு? நான் சொன்னது எனக்குத் தெரியும். நீங்க கேட்டு இவியளுக்குச் சொல்லுங்க."

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "ஸ்டெப்-அப் வைக்காம சொல்லணும் அண்ணே, கேட்டியளா? சொன்னது சொன்னபடி" என்றேன்.

அண்ணன் தொண்டையைச் சரிசெய்தார். "பெட்டிய எறும்பு ஏறாம வைக்கணும்ணு சொல்லுதா. மழைக்காலத்துல ஈக்குச் சர்க்கரைத் தண்ணி வைக்கணும்ணு சொல்லுதா. பிறகு... எல்லாம் எனக்க வீட்டுக்காரர் காட்டித்தந்த வழியாக்கும்..."

"அப்படி நான் சொல்லல" என்றார் அக்கா.

எல்லாரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அண்ணனின் காது மடல் சிவந்தது. இனித் தப்பிக்க வழி இல்லை. ரேடியோவில் போவதை அவர் ஒருவர்தான் கேட்கிறார், என்ன போகிறது என்று அக்காவுக்குச் சொல்லுக்குச் சொல் தெரியும். அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினார்.

"வீட்டுக்காரர் ஒதவுவாராண்ணு கேக்கியாங்க. இல்ல, அவருக்கு ஈயக் கண்டா பயமாக்கும்ணு சொல்லுதா. தேன் எடுக்கிய அன்னைக்கு ஊருலயே இருக்கமாட்டார்ணு..."

பொன்னப்பன் மாமன் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தார். சிரிப்பு அடங்குவதற்குக் கொஞ்ச நேரமானது. அண்ணன் கையை உயர்த்தி, "பெகளம் வைக்காதீங்க, கேக்கட்டு" என்றார். சத்தம் போடாதே என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மற்றவர்கள்தான் அவரிடம் அதைச் சொல்வது வழக்கம்.

பிறகு இயர்போனை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"என்ன சொல்லுதா?" என்றார் பொன்னப்பன் மாமன்.

"மங்கிப்போச்சு."

"மங்கல" என்றார் அக்கா. "சொல்லுங்க."

அண்ணன் நிமிரவில்லை. "ஈ கொட்டுனா நோவாதாண்ணு கேட்டாங்க. ஈ கொட்டுனா கொஞ்ச நேரந்தான் நோவும். எனக்க தேன வேற பேருல விக்கியதப் பாத்துட்டு நிக்கியது தெனமும் நோவும்ணு சொல்லுதா."

யாரும் சிரிக்கவில்லை. பெரிய ரேடியோவில் மட்டும் அந்த மலையாளக்காரர் பூச்சிமருந்தின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான்தான் எட்டி அணைத்தேன்.

அண்ணன் இயர்போனைக் காதிலிருந்து எடுத்தார். "பேச்சு முடிஞ்சு. பாட்டு போடுதாங்க" என்றார். இயர்போனை மேசையில் வைத்தார். "இனி உள்ளது ரேடியோல வந்தது இல்ல, நான் சொல்லியது. அது கார்த்தியாயினிக்க தேனாக்கும். நான் அந்தப் பெட்டிப் பக்கம் போனதே இல்ல."

அக்கா என் கையை விட்டுவிட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போனார். வரிசையாக இருந்த குப்பிகளில் ஒன்றை எடுத்து, ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். அண்ணனும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு குப்பியை எடுத்துக்கொண்டார்.