மூன்று கையெழுத்துச் சீட்டு

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. அக்கா விழித்துவிட்டாள். வீடு தேடி வந்திருந்த மேலாளர் அந்தக் கதவை ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மேசைமேல் ஒரு சீட்டை விரித்து வைத்தார்.

"மூணு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு சர்வரை நிறுத்திக்கோன்னு. நீ ஏம்ப்பா நிறுத்தலே?"

தம்பி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

பதினாறு வருஷமாக அந்த மருத்துவப் பரிசோதனைக் கூடத்தின் கணினி சர்வர்களுக்குக் காவல் இருப்பவன் அவன். இருபத்திரண்டு கிளைகள், இரவு பகல் ஓயாத வேலை. பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்தால் அதைப் போட்டு சர்வரை அணைத்து மறுபடி இயக்க வேண்டும். ஒரு மணி நேரம் எல்லாம் நிற்கும். அதற்காக அவன் ஒரு சீட்டை ஏந்திக்கொண்டு ஆய்வுக்கூடத் தலைவர், ரசீதுப் பிரிவு, கிளைகளின் மேலாளர் என்று மூன்று அறைக்கும் நடையாய் நடப்பான். "ஒரு மணி நேரம் போதும் சார்" என்று சொல்லிச் சொல்லியே அலுவலகத்தில் அவன் பெயர் 'ஒருமணி' ஆகிவிட்டது.

"ஒருமணி வர்றாரு, எல்லாரும் குனிஞ்சு வேலை செய்யுங்க" என்பாள் ரசீதுப் பிரிவின் தலைவி. "இன்னிக்கு வேணாம் அண்ணே, கூட்டம் பிச்சுக்குது. அடுத்த வாரம் வாங்க."

"போன வாரமும் இதையேதானே சொன்னீங்க?"

"சொன்ன வார்த்தை மாறலே பாத்தீங்களா?"

சிரித்துக்கொண்டே ஒன்பது முறை அவனைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு மணி நேரத்தில் எங்கோ ஒரு அவசரப் பிரிவில் ஒரு உயிர் ரத்த அளவுக்காகக் காத்துக் கிடக்கும். ஆனால், பூட்டு செய்தவனே இன்ன இடத்தில் ஓட்டை இருக்கிறது, அடைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்த பிறகு அதைத் திருடனும்தானே படிப்பான்? அந்த நினைப்பில் அவனுக்குச் சோறு இறங்காது.

பத்தாவதாக வந்த ஓட்டை பெரியது. அதே ஓட்டை வழியாக வேறொரு ஆய்வுக்கூடத்தைத் திருடர்கள் முடக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், மூவரும் அவனைக் கூப்பிட்டனுப்பிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தச் சீட்டோடு சர்வர் அறைக்குப் போகும் வழியில்தான் சதை ஆய்வு மருத்துவரின் அறை. அக்காவின் மார்பிலிருந்து எடுத்த துணுக்கில் புற்றுநோய் இருக்கிறதா என்று அவர்தான் பார்த்தார். அம்மா போன பிறகு கல்யாணமே வேண்டாமென்று இருந்து அவனை ஆளாக்கியவள் அக்கா. பத்து நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை.

"இப்பத்தான் டைப் பண்ண உட்கார்றேன்" என்றார் மருத்துவர். "மூணு மணிக்குள்ள ஏத்திட்டு விமானம் பிடிக்கணும். மூணு வாரம் லீவு. பெரிய டாக்டர் காலையில சரிபார்த்ததும் உங்க கைக்கு வந்துடும்."

இரண்டு மணிக்கு நிறுத்தினால் அறிக்கை ஏறாது. அவன் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தான். மூன்று மணிக்குமேல் மாலைக் கூட்டம்; இனி நாளை மத்தியானம்தான் நிறுத்த முடியும். ஒரே ஒரு நாள்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான். பதினாறு வருஷமும் மற்றவர்கள் வாயில் கேட்டு வெறுத்த அதே பேச்சு.

வியாழக்கிழமை விடிந்தபோது திருடர்கள் அந்த ஓட்டை வழியாகப் புகுந்து சர்வரில் இருந்த எல்லாவற்றையும் பூட்டியிருந்தார்கள். பாதுகாப்புக்காக எடுத்து வைத்த நகல்களும் போயின. சதைத் துணுக்குகளை ஒட்டிய கண்ணாடித் தகடுகள் பெட்டி பெட்டியாய் அப்படியேதான் இருந்தன. ஆனால் அவற்றின் மேல் வெறும் எண்தான். எந்த எண் யாருடையது என்பது சர்வருக்கு மட்டுமே தெரியும். இன்று ஞாயிறு. அக்காவின் முடிவை அறிந்த மருத்துவர் போனை எடுக்கவே இல்லை.

மேலாளர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார்.

"நகல் எடுக்கிற வேலை முடியாம இழுத்துக்கிட்டிருந்துச்சு, அதனால நிறுத்த முடியலேன்னு எழுதிடு. உனக்கு ஒரு எச்சரிக்கையோட போயிடும். ஒன்பது தடவை நாங்க தள்ளினதையும் யாரும் கிளற மாட்டாங்க."

"அப்போ நகல் வேலை பார்க்கிற பொண்ணோட கதி?"

"ஒப்பந்தத்துல இருக்கிறவதானே. வேற இடம் தேடிக்குவா."

அந்தப் பெண் வியாழக்கிழமையிலிருந்து வீட்டுக்கே போகாமல் நாற்காலியிலேயே தூங்கி எழுந்து வேலை செய்கிறாள். அவளுடைய நகல் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. அவனுக்குத் தெரியும்.

பேனாவை எடுத்தான். இரண்டே வரி எழுதி நீட்டினான். மேலாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தன்னை மறந்து வாய்விட்டுப் படித்தார். "என் அக்காவின் அறிக்கை ஏறட்டும் என்று நானே ஒரு நாள் தள்ளிப்போட்டேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை."

நிமிர்ந்தபோது அறை வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

"எனக்காகவாடா?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான். அக்கா அவன் பக்கம் வரவில்லை. மேலாளரைப் பார்த்தாள்.

"மொத்தம் எத்தனை பேரோட அறிக்கை சார் மாட்டியிருக்கு?"

"நாலாயிரத்துக்கு மேலே இருக்கும்மா."

"என்னை மாதிரி கத்தி வச்சு எடுத்தது?"

"முந்நூறு."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். "அத்தனை பேருக்கும் மறுபடியும் கத்தியா" என்றாள்.

"இதை நான் கொடுத்தா உன் வேலை இன்னிக்கே போச்சு. இன்னொரு தடவை யோசி" என்றார் மேலாளர்.

அவன் எழுந்து போய் அலுவலக லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் கொண்டுவந்து வைத்தான். மேலாளர் பெருமூச்சு விட்டார். தாளை நான்காக மடித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

தம்பி நின்ற இடத்திலேயே நின்றான். அக்காதான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.