தமயந்தி அக்காவின் ஒன்பது தங்க நத்தைகள்

தமயந்தி அக்கா காலமான செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு கல்யாண போட்டோவுக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். அரியலூரில் அவருக்குப் பக்கத்து வீட்டு அம்மாதான் போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க தம்பி. பேப்பர் படிச்சுக்கிட்டே இருந்தாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க" என்றார். கண்ணாடி கோணலாகப் போனது. பெரம்பலூரில் முப்பது வருடமாகப் பிரேம் கடை வைத்திருக்கிறேன். கோணலாக வெட்டுவது எனக்குப் புதிதல்ல. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அக்காவின் ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, "இது என்னங்க?" என்று அவரிடமே கேட்டும் இருப்பீர்கள். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்த நான் கேட்கக்கூட இல்லை. அவர் முதன்முதலில் கொடுத்த படத்தைத் தலைகீழாகப் பிரேம் போட்டு, கடை வாசலில் பத்து நாள் மாட்டி வைத்திருந்தேன். அக்கா வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "தம்பி, ஆகாசத்தக் கீழ போட்டுட்டியே. நடக்குறவன் கால் பொதைஞ்சுடப் போவுது" என்றார். அவ்வளவுதான். தெரியாமல் செய்தவனை அவர் திட்டி நான் பார்த்ததில்லை. தெரிந்து செய்தவனை விட்டும் பார்த்ததில்லை.

இரண்டாவது வகைக்கு எங்கள் ஊர் நகைக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்கு இலவச விளம்பரம் ஆகிவிடும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஓடைகளில் நத்தைச் சுருள் போலக் கல்லாகிக் கிடக்கும் ஆதிகாலத்துக் கடல் உயிர்களை அக்கா ஓயாமல் வரைவார். அதைப் பார்த்த கடைக்காரர், தங்கத்தில் செய்யலாம் என்று வந்தார். நவீன ஓவியர் வடிவமைத்த லிமிடெட் எடிஷன் நகை என்று விளம்பரம். அக்கா தன் கையால் மெழுகில் ஒரு சுருள் செய்து கொடுத்தார். செயினில் கோக்கும் டாலர். ஒன்பதுதான் வார்க்க வேண்டும், ஒவ்வொன்றின் முதுகிலும் எண் வெட்ட வேண்டும், ஒன்பதாவது முடிந்ததும் சாட்சி வைத்து அச்சை அழித்துவிட வேண்டும் என்பது பேச்சு.

"ஏங்க்கா ஒம்பதோட நிறுத்தணும்?" என்று கேட்டேன்.

"ஒம்பது கழுத்துல கெடந்தா அது நான் செஞ்சது. ஊரெல்லாம் கெடந்தா யூனிபாரம்" என்றார்.

அச்சை அழிக்கும் நாளில் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். தனக்குப் பதிலாக என்னை அனுப்பினார். அதுவரை யாரும் என்னை எதற்கும் சாட்சிக்குக் கூப்பிட்டதில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் தாம்பாளத்தில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டர் அச்சை வைத்து, குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, "உங்க கையாலேயே ஆவட்டும் மாஸ்டர்" என்று சுத்தியலைக் கொடுத்தார். ஓங்கி ஒரே போடு. தூள். எல்லோரும் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவுக்கு நானே தங்கக் கலர் பிரேம் போட்டு என் கடையில் மாட்டினேன். அதை நேராகத்தான் மாட்டினேன்.

மூன்று மாதம் கழித்து குன்னத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் மகள் கயல்விழி என் விலாவில் இடித்தாள். எதிர் வரிசையில் இரண்டு பெண்கள், இருவர் கழுத்திலும் தங்க நத்தை. ஒன்பதில் இரண்டு ஒரே பந்தியில் என்று நான் பூரித்துப்போய் இன்னொரு வடை வாங்கிக்கொண்டேன். அவள் கை கழுவும் இடத்தில் இருவரிடமும் பேச்சுக் கொடுத்து, டாலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ரெண்டுமே நாலாம் நம்பருப்பா."

"சரியாப் பாத்தியாடி?"

"நல்லாப் பாத்தேன். நீ அன்னிக்கு என்னத்தத்தான் ஒடைச்ச?"

அதே கேள்வியோடு அக்காவின் முன்னால் போய் நின்றேன்.

"வெள்ளையா இருந்துச்சா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "அது ஒவ்வொரு தடவ வார்க்கும்போதும் ஒடையுறதுதான்டா. ரப்பர் அச்சு ஒண்ணு இருக்கும், அதுதான் மூலம். அதுல மெழுகு ஊத்தி எத்தன வேணாலும் எடுக்கலாம். நீ ஒடைச்சது முட்டை ஓடு. கோழி அவன்கிட்ட மேயுது."

"நான் ஒரு முட்டாளுக்கா."

"ஒனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சுதானே ஒன் கையில சுத்தியலக் குடுத்தான்? அதுக்கு இருக்கு அவனுக்கு." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

அக்கா போலீசுக்குப் போகவில்லை. அரியலூரில் ஒரு மண்டபம் பிடித்து, தங்க நத்தை அணிந்தோர் சந்திப்பு என்று நோட்டீஸ் அடித்தார். சிறப்பு விருந்தினர் நகைக்கடைக்காரர். மேடைக்கு எதிரே எண் ஒட்டிய ஒன்பது நாற்காலிகள். மண்டபத்தின் மற்ற நாற்காலிகளை நானே ஓர் அறையில் அடுக்கிப் பூட்டினேன். பதினொரு மணிக்குள் இருபத்து மூன்று பெண்கள் நத்தையோடு வந்துவிட்டார்கள்.

"எந்திரிங்க, ஏழு என்னுது."

"இது என்ன பஸ்ஸா, துண்டு போட்டு எடம் புடிக்க? என் டாலரப் பாருங்க, ஏழு போட்டிருக்கு."

"எனக்கும்தான் போட்டிருக்கு. நீங்க எங்க வாங்குனீங்க?"

இருவரும் ஒரே சமயத்தில் மேடையைப் பார்த்தார்கள். நழுவப் பார்த்த கடைக்காரருக்கு அக்கா பொன்னாடை போர்த்தி, அதன் இரண்டு முனைகளையும் விடாமல் பிடித்துக்கொண்டார். "சார் பெரிய வள்ளல். ஒம்பது கேட்டேன், இருவத்தி மூணு குடுத்திருக்காரு" என்று மைக்கில் சொன்னார். நான் பின்னாலிருந்து விசிலடித்தேன். அசல் வாங்கிய ஒன்பது பேரின் பெயர்களை, முதலிலேயே குறித்து வைத்திருந்த பட்டியலைப் பார்த்து அக்கா வாசித்தார். மற்ற பதினான்கு பேரும் மேடையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சாயங்காலத்துக்குள் ரப்பர் அச்சு மண்டபத்துக்கு வந்தது. அக்கா அதை எல்லோர் முன்பும் கத்தரியால் நறுக்கினார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை, வேலையாள் செய்த தப்பு என்றார். மன்னித்துவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு, "கேக்காதவனுக்கு எதுக்குங்க? வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்?" என்றார் அக்கா.

அந்த ஒன்பது பேரும் எழவு வீட்டுக்கு நத்தையை அணிந்தே வந்திருந்தார்கள். கடைக்காரரும் ஆள் உயர மாலையோடு வந்தார். என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னார்.

"மாஸ்டர், அம்மா நினைவா ஒரு நூறு பீஸ் போடலாம்னு இருக்கேன். அம்மா படத்துக்குப் பெருசா ஒரு பிரேம் நீங்கதான் போட்டுத் தரணும்."

"அச்சத்தான் அக்கா நறுக்கிட்டாங்களே சார்?"

"இன்னொண்ணு எடுத்து வெச்சிருந்தேன். ஒரு சேப்டிக்குத்தான்."

எழவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. இரண்டாவது தடவையும் ஒன்றும் தெரியாதவன் என்று என்னை நம்பியிருக்கிறார். "இவ்ளோ பெரிய விசயத்தக் காதுல சொல்லலாமா சார்?" என்று சொல்லிவிட்டு, பெண்கள் பக்கம் திரும்பி முழுக் குரலில் அப்படியே ஒப்பித்தேன். அழுகை நின்றது. அசல் நாலாம் எண்காரர் குன்னத்தில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அவர் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார். "எடுக்க இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. உங்க கார்லயே போயிட்டு வந்துடுவோம். வாங்க சார்" என்றார். மூன்று பெண்கள் அவரோடு பெரம்பலூர் போய், அச்சோடு திரும்பினார்கள்.

இந்தத் தடவை நான் சுத்தியல் கேட்கவில்லை. அக்காவின் காலடியில் உட்கார்ந்து, கத்தரியால் அந்த ரப்பரை வெட்டினேன். ஒவ்வொரு துண்டு விழும்போதும் கடைக்காரர் முகத்தைப் பார்த்தேன். துக்க வீட்டில் ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷப்படக் கூடாதுதான். அக்கா பார்த்திருந்தால், இன்னும் பொடியா வெட்டுடா என்றிருப்பார்.

அவர் வரைந்த படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிரேம் போட வந்து போனவை. என்னிடம் தங்கியிருப்பது அவருடைய மன்னிக்காத குணம் ஒன்றுதான். கருமாதிக்கு மறுநாள் அந்த நகைக்கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டி ஒவ்வொன்றின் முன்பும் நின்று பார்த்தேன்.

"என்ன பாக்குறீங்க மாஸ்டர்?"

"மூணாவது அச்சு இருக்கான்னு பாக்குறேன் சார்."

அவர் காபி வரவழைத்தார். குடித்தேன். மாதம் ஒருமுறை வருவேன், எனக்குப் பிறகு என் மகள் வருவாள் என்று சொன்னேன். காபி நன்றாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.