மஞ்சக்காணி உயில்

எனக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். அன்று திருச்செங்கோட்டில் ஆலை முதலாளியின் கூடத்தில் நின்றபோது இரண்டு காதும் எரிந்தன. எங்கள் மாதர் சங்கத்துக்கு அறை கொடுத்திருந்தவர் அவர்தான். காகிதம், தபால் எல்லாம் அவர் தயவு. ஊருக்கு மருத்துவச்சி வேண்டும், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று நாங்கள் மனு எழுதியபோதெல்லாம் மெச்சிக்கொண்டார். இந்த முறை எழுதியது வேறு. பருத்தி ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பிரசவ காலத்தில் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதி, இன்னும் தபாலில் போடாமல் வைத்திருந்தோம். அவருடைய ஆலையும் அதில் சேர்த்திதானே.

"அந்த மனுவைக் கிழிச்சுப் போட்டுருங்கம்மா. இல்லீன்னா தை பொறக்கறதுக்குள்ள ரூமைக் காலி பண்ணிக் குடுங்க," என்றார். குரல்கூட உயரவில்லை. மோர் கொடுத்துத்தான் அனுப்பினார். நானும் குடித்துவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல்.

ஒரே ஆள் கொடுத்தால் அந்த ஒரே ஆள் எங்கள் வாயை அடைத்துவிடலாம் என்பது வீடு வந்து சேருவதற்குள் புரிந்துவிட்டது. ஆனால் எங்கள் பெண்கள் கையில் கொடுக்க என்ன இருந்தது? அரிசிப் பானைக்கே மாமியார் அனுமதி வேண்டும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கோயில் விளக்குக்கு என்று உயிலில் நிலம் எழுதி வைக்கிறார்கள். மனு எழுதுகிற சங்கத்துக்கு எழுதி வைத்தால் என்ன? இன்றைக்குக் கொடுக்க வேண்டாம். தங்கள் காலத்துக்குப் பிறகு ஆளுக்கொரு பங்கு விட்டுப் போகட்டும். அந்த உறுதி கையில் இருந்தால், யார் முகம் சுளித்தாலும் சங்கம் நிற்கும்.

காரியதரிசி நான்தானே, காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உயில் என்ற சொல்லை அடுப்படியில் நின்று சொல்லக்கூடாது என்பது எனக்கு உறைக்கவில்லை. அதுவும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போயிருக்கிறேன். முதல் வீட்டு உறுப்பினர், "எனக்கு நாள் குறிக்கவா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் படி இறங்கியதும் பின்னால் சாணித்தண்ணி தெளிக்கும் சத்தம் கேட்டது. அடுத்த வீடுகளிலும் கிட்டத்தட்ட அதே மரியாதைதான்.

ஒருத்தி மட்டும் தயங்கவில்லை. மல்லசமுத்திரத்துப் பக்கம் காடு வைத்திருந்த விதவை, பிள்ளை இல்லை. "எழுதுங்க சாமி. என்ர ஊட்டுக்காரரு உட்டுட்டுப் போன மேக்காட்டை அப்படியே சங்கத்துக்கு எழுதிருங்க," என்றாள். ஆகாயத்தில் மிதந்தபடி சேலத்துக்கு வக்கீலிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் காலச் சட்டப்படி புருஷன் சொத்தை அந்தம்மாள் ஆயுசு வரைக்கும் அனுபவிக்கலாம், இஷ்டப்படி உயில் எழுத முடியாது, பிறகு அது பங்காளிகளுக்குத்தான் என்றார். இது தெரியாமல் ஊரெல்லாம் டமாரம் அடித்திருந்தேன். மறுநாளே அவளுடைய பங்காளிகள் வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனார்கள். அவமானம் அவளுக்கு, புத்தி கெட்டது எனக்கு.

மார்கழிப் பாதியில் அந்த அறையில் கடைசிக் கூட்டம். அவளும் வந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நடந்ததைச் சொன்னேன். மனுவைக் கிழித்துவிடலாம், சங்கமாவது மிஞ்சட்டும் என்று இரண்டு பேர் சொல்ல, மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

சேலத்திலிருந்து மாதாமாதம் பஸ் ஏறி வரும் ஓர் அம்மாள் உண்டு. இளம்பிள்ளைச் சேலை வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். அவர் அந்த விதவையிடம் திரும்பி, "சரிம்மா, புருஷன் சொத்து போகட்டும். உங்க வாப்பா சொத்துல உங்க பங்கு என்னாச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவர்கள் வீட்டில் பெண்ணுக்குப் பங்கு உண்டு, அதனால் கேட்கத் தோன்றியது. எங்களில் ஒருத்திக்கும் அந்தக் கேள்வி வாயில் வந்ததில்லை.

விதவை சிரித்துவிட்டாள். "பொம்பளைக்கு ஏதுங்க பங்கு? கண்ணாலத்துல எங்கப்பன் மஞ்சக்காணின்னு ஒன்னரை ஏக்கரா எழுதிக் குடுத்தாருங்க. மஞ்சச் செலவுக்கு. அதுல ஆட்டுப்பட்டிதான் போட்டிருக்கறேன். அதெல்லாம் ஒரு சொத்துங்களா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த நாளே அவளோடு வக்கீல் முன்னால் போய் நின்றேன். பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தவர், "சீதனம். எந்தப் பங்காளியும் தொட முடியாது," என்றார். அன்றே உயில் எழுதி, அவள் கைநாட்டு வைத்தாள்.

பிறகு உயில் என்று நான் வாய் திறக்கவே இல்லை. உங்கள் அப்பன் வீட்டிலிருந்து என்ன வந்தது என்று மட்டும் கேட்டேன். பெண்களுக்குக் கண் மின்னியது. ஒருத்தி காப்பு, ஒருத்தி எருமை, ஒருத்தி இரண்டு தென்னை. சேலத்து அம்மாள், உயிலில் எழுத அவர்கள் முறை அனுமதிக்கும் மூன்றில் ஒரு பங்கை எழுதினார். சாணித்தண்ணி தெளித்தவர்கூட, "என்ர அண்டாவைச் சேத்துக்கங்க," என்று ஆள் அனுப்பினார். எனக்கு ஆனந்தத்தில் தலைகால் புரியவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் முதலாளியிடம் சாவியைக் கொடுத்தேன்.

"இனி யாரு பணம் குடுக்கறாங்க?" என்றார்.

"குடுக்கறவங்க இன்னும் யாரும் சாகலீங்க," என்றேன்.

மோர் வந்தது. குடிக்கவில்லை.

அடுத்த கூட்டம் மஞ்சக்காணியில், ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஓலை வேய்ந்த சாளையில். ஆலைப் பெண்கள் நாலைந்து பேரும் பயந்து பயந்து வந்திருந்தார்கள். தபாலில் போடுமுன் மனுவை ஒருமுறை வாசித்தேன். வெளியே வரப்பில் பங்காளிகள் நிற்பது தெரிந்ததும் என்னை அறியாமல் குரல் இறங்கிவிட்டது.

முன்னால் உட்கார்ந்திருந்தவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"சத்தமாப் படிங்க சாமி. இது என்ர மண்ணு."

முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன், வரப்பு வரைக்கும் கேட்கும்படி.