மாடு தள்ளிவிட்டதாகச் சொன்னார்கள்

இங்கே நோயாளியிடம் கேள்வி கேட்டால், பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்கிறார். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு விளங்காமல் போன விஷயம் இதுதான். ஸ்டூலில் மனைவி உட்கார்ந்திருப்பார். "எத்தனை நாளா இருமல்?" என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பேன். பதில் அவர் தலைக்கு மேலிருந்து கணவரின் குரலில் வரும். கணவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மனைவி சொல்வார். தொழிற்சாலையிலிருந்து வரும் ஒடிசாக்காரருக்கு, அவரைவிட ஆறு மாதம் முன்னால் வந்த இன்னொரு ஒடிசாக்காரர் பேசுவார். மூணாறுப் பக்கம் எங்கள் சித்திரபுரத்தில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு யாரும் யாரையும் கூட்டிக்கொண்டு போவதில்லை. கூடப் போகிறவருக்கும் அன்றைய கூலி போய்விடுமே.

ஒரே மாநிலத்துக்குள் இடம் மாறியதைப் புலம்பெயர்தல் என்று சொல்லலாமா என்று எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் மூணாறிலிருந்து நான் வரும் பஸ் மறையூர் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகச் சுற்றி, மறுபடியும் கேரளத்துக்குள் நுழைகிறது. வந்து சேர்ந்த இடத்திலும் தமிழ்தான், ஆனால் வேறு தமிழ். எங்கள் மலையில் திருநெல்வேலிப் பேச்சு, இங்கே கோயமுத்தூர்ப் பேச்சு. டாக்டரும் ஆபீஸும் மலையாளம். நான் எதையும் பட்டியல் போட்டுத்தான் புரிந்துகொள்வேன். முதல் மாதம் ஒரு நோட்டில் எழுதினேன்: ஒன்று, மலையாளத்தில் கேட்டால் "உண்டு, உண்டு" என்பார்கள், அது ஆபீசுக்குச் சொல்லும் பதில். இரண்டு, தமிழில் கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்பார்கள், அது மரியாதைக்குச் சொல்லும் பதில். மூன்று என்று எண் போட்டுவிட்டு வெகுநாள் காலியாகவே விட்டிருந்தேன்.

எங்கள் சர்க்கரை நோய்ப் பிரிவில், டாக்டரைப் பார்ப்பதற்கு முன் நோயாளியிடம் நான் விவரம் கேட்டு எழுத வேண்டும். டேப்லெட்டில் ஒரு படிவம் இருக்கிறது. மாத்திரை தினமும் எடுக்கிறாரா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, மயக்கம் உண்டா என்று வரிசையாகப் போகும். ஆமா, இல்லை என்று தொட்டுக்கொண்டே போனால் நாலு நிமிஷத்தில் முடியும். அந்த வேகத்தில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

எலப்புள்ளியிலிருந்து மயிலாத்தாள் என்பவர் வந்த நாளிலும் அப்படித்தான் தொட்டுக்கொண்டு போனேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். நெல்லும் இரண்டு கறவை மாடும் உள்ள குடும்பம். பக்கத்தில் கணவர் ரங்கசாமி நின்றார்.

"மாத்திரையெல்லாம் தவறாமப் போடறாங்களா?"

"அதெல்லாம் கரெக்ட்டுங்க. மாத்திரைய மறந்தாலும் மறப்பா, என்னையத் திட்டறத மறக்கமாட்டா" என்றார் ரங்கசாமி.

மயிலாத்தாள் தரையைப் பார்த்துச் சிரித்தார். இரத்த அழுத்தம் பார்க்கச் சேலையை ஒதுக்கியபோது முழங்கையிலிருந்து தோள்வரை கன்றிப்போய், நீலம் மங்கி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "மாடு தள்ளி உட்ருச்சுங்க. ரெண்டாவது தடவ" என்றார் கணவர். படிவத்தில் மாட்டுக்குக் கட்டம் இல்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏறியிருந்தது. டாக்டர் பக்கத்து அறையிலிருந்தே திரையில் அதைப் பார்த்துவிட்டு, மாத்திரையின் அளவைக் கூட்டலாம் என்று குறித்திருந்தார். நான் கடைசிக் கட்டத்தைத் தொட வேண்டியதுதான் பாக்கி.

என் கையை நிறுத்தியது என் அம்மாவின் ஞாபகம். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். டிஸ்பென்சரி கம்பவுண்டருக்கு ஒரே கேள்விதான்: காய்ச்சலா, வயிற்றுப்போக்கா? அதை வைத்துத்தான் லீவா, லேசான வேலையா என்று சீட்டு எழுதுவார். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது அம்மா மாதக்கணக்கில் உதிரப்போக்கால் வெளுத்துப்போனார். ஆனால் ஆண்கள் நிற்கும் வரிசையில் நின்று, கம்பவுண்டரிடம் வயிற்றுப்போக்கு என்றுதான் சொன்னார். "காய்ச்சல்னு சொன்னா நாக்குக்கடியில கம்பி வச்சுப் பாத்துருவாவ. வயித்தால போவுதுன்னா யாருட்டி பின்னால வந்து பாக்கப்போறா?" என்று வீட்டில் சிரித்தார். கொழுந்துக் காட்டில் விழுந்த பிறகுதான் இரத்தம் ஏற்ற அடிமாலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கம்பவுண்டர் கெட்டவர் அல்ல. அவர் கேட்ட இரண்டில் ஒன்றை அம்மா சொன்னார், அவ்வளவுதான்.

பழைய ரிப்போர்ட் வேண்டும் என்று ரங்கசாமியைக் கவுண்டருக்கு அனுப்பினேன். டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

"அந்த மாட்டைப் பத்திச் சொல்லுங்க. அன்னைக்கு விடிஞ்சதுல இருந்து சொல்லுங்க."

அவர் உடனே பேசவில்லை. நானும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. சும்மா இருப்பது அத்தனை கடினம் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வெளியே டோக்கன் எண் இரண்டு முறை மாறியது.

"மாடு பாவமுங்க" என்றார் கடைசியில். "வாயில்லாத சீவன் மேல பழியப் போட்டாச்சு. அன்னிக்குக் கிருத்திகை. வெடியால மாத்திரையப் போட்டுட்டுப் பாலக் கறந்து ஊத்திப்போட்டு வந்தனுங்க. தண்ணித்தொட்டிகிட்ட வாரப்ப ஒடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, அப்பறம் ஒண்ணுந் தெரியல. போன கிருத்திகைக்கும் அப்படித்தான்."

"சாப்பிடாம இருந்தீங்களா?"

"பொழுது உழுந்து ஒரு நேரந்தான் சாப்புடுவேன். கட்டிக்குடுத்த புள்ளைக்கு ரெண்டு தடவ கரு வயித்துல நிக்காமப் போயிருச்சு அம்மிணி. இப்ப நாலு மாசம். அது பொறக்கற வரைக்கும்னு வேண்டியிருக்கேன். எங்கூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா விரதத்த உடச் சொல்லிப்போடுவாரு."

"சாப்பிடாத அன்னைக்கு மாத்திரை எதுக்குங்க போட்டீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஒருநாளும் உடக்கூடாதுன்னு நீங்கதான எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்க? தண்ணியாலயும் மாத்திரையாலயும் விரதம் முறியாதுங்களே."

என் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்தது அந்தத் தாள். தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் நானே எழுதி, அடிக்கோடிட்டு ஒட்டியது. அவர் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். அடுத்த கிருத்திகைக்கு ஒன்பது நாள் இருந்தது. கூட்டிய மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு அந்தக் காலைப்பொழுதில் அவர் தொட்டிப் பக்கம் நடப்பதை நினைத்துப் பார்த்தேன்.

விழுந்ததையும் விரதத்தையும் டாக்டரிடம் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போனேன். டாக்டர் மேடம் உடனே எழுந்து வந்தார். மயிலாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு, விரதத்தை விட்டுவிடலாமே என்று மலையாளத்தில் கேட்டார். "செரிங்க" என்றார் மயிலாத்தாள். டாக்டர் நிம்மதியாகத் திரும்பினார். "மேடம், அவங்க சம்மதிக்கல. உங்களுக்கு மரியாதை கொடுத்தாங்க" என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரதத்தில் எது ஆகும், எது ஆகாது என்று கேட்டார். பாலும் பழமும் ஆகும் என்று வழி சொன்னது மயிலாத்தாள்தான். காலையிலும் மதியமும் பாலும் வாழைப்பழமும் என்று முடிவாயிற்று. டாக்டர் அளவைக் கூட்டவில்லை. சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மஞ்சள் மாத்திரையை அன்று மட்டும் போட வேண்டாம் என்றார். வேர்த்து நடுங்கினால் விரதத்தைப் பார்க்காமல் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். புரிந்ததைத் தன் வாயால் சொல்லும்படி மயிலாத்தாளிடம் கேட்டேன்.

"கிருத்திகையன்னிக்கு அந்த மஞ்ச மாத்திரைக்கும் விரதம்" என்றார்.

ரங்கசாமி ரிப்போர்ட்டோடு திரும்பியதும் மயிலாத்தாளே சொன்னார்: "மாடு ஒண்ணும் தள்ளலீங்க. கிருத்திகை விரதத்துல நாந்தான் உழுந்தேன்."

ரங்கசாமி ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். பிறகு, "அட, முட்டற மாடு, வித்துக் குடுன்னு தரகங்கிட்டச் சொல்லிட்டு வந்துட்டனே, புள்ள" என்றார். விரதத்தை விடச் சொல்லவில்லை. என் நம்பரைக் கேட்டு, கண்ணுக்குத் தூரமாக வைத்து ஒவ்வோர் எழுத்தாக மனைவியின் போனில் பதிந்தார். எட்டிப் பார்த்தேன். "மூணாறு சிஸ்டர்" என்று இருந்தது. நான் இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது.

அன்று மாலை சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன். புதிய தாளில் முதல் வரியாக எதை எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிருத்திகையன்று மதியம் போன் வந்தது. "அம்மிணி, ரெண்டாவது டம்ளர் பாலும் குடிச்சாச்சுங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு நிக்கறேன். நடுக்கமில்ல." பின்னால் மாடு கத்துவது கேட்டது. காலையில் என்ன செய்தார் என்று அவர் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது இன்னோர் அழைப்பு வந்து திரை மின்னியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா கூப்பிடுவது வழக்கம். அம்மாவின் போனில் என் பெயர் "பாலக்காடு" என்றுதான் இருக்கிறது. மூணாறும் பாலக்காடும் ஒரே நேரத்தில் என் கையில் அதிர்ந்துகொண்டிருந்தன.