பெரியம்மாவின் ஏழாவது நிபந்தனை

வவுனியாவில் எங்கள் வளவின் பின்பக்கத்தில் பெரியம்மா ஒரு சின்ன வீடு கட்டினார். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை. அப்போது எனக்குப் பத்து வயது. அந்த வீட்டைக் கட்ட எடுத்த காலத்தைவிட வாடகைக்கு விட எடுத்த காலம் கூட. வாடகை வேண்டும், ஆனால் வாடகைக்கு ஆட்கள் வரக்கூடாது என்பதுதான் பெரியம்மாவின் உள்விருப்பம் என்று அப்பா சொல்வார்.

பெரியம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. சண்டை முடிந்து, பல வருடங்களுக்கு முன் விட்டுவந்த கிளிநொச்சி வீட்டைப் பார்க்கப் போனபோது, அங்கே வேறொரு குடும்பம் இருந்தது. நல்ல ஆட்கள். தேத்தண்ணி கொடுத்து, வீடு உங்களுடையதுதான், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். ஆனால் வளவில் நின்ற ஆறு தென்னையும் நாலு மாதுளையும் தாங்கள் வைத்து வளர்த்தவை, அதற்கு ஒரு முடிவு சொல்லுங்கள் என்றும் கேட்டார்களாம். வீட்டுக்கு ஒரே நாளில் முடிவு வந்தது. மரங்களுக்கு ஒன்றரை வருடம் இழுபட்டது. கடைசியில் அந்தக் காணியையே விற்றுவிட்டுத்தான் பெரியம்மா எங்கள் வளவுக்கு வந்தார். வீடு பறிபோவதென்றால் மரத்தின் வழியாகத்தான் போகும் என்று அன்றோடு முடிவு கட்டிவிட்டார்.

வீடு கேட்டு முதலில் வந்தவர் மிகவும் மரியாதையாகக் கதைத்தார். இவ்வளவு மரியாதை தெரிந்தவன் வீட்டை விட்டு லேசில் எழும்ப மாட்டான் என்று பெரியம்மா அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவர் முற்றத்து மண்ணைக் காலால் கிளறிப் பார்த்து, நல்ல மண் என்றார். அவருக்குத் தேத்தண்ணிகூடக் கிடைக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு தாதி. எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கணவர் பட்டணத்தில் ஒரு இரும்புக்கடையில் வேலைக்கு நின்றார். மிஸ்ஸியைப் பெரியம்மாவுக்கு உடனே பிடித்துக்கொண்டது.

“அரசாங்க உத்தியோகம். நாலைஞ்சு வருஷத்தில இடமாற்றம் வரும்” என்று அம்மாவின் காதுக்குள் சொன்னார். “நாங்கள் எழுப்பத் தேவையில்லை. அரசாங்கமே எழுப்பும்.”

ஒப்பந்தம் எழுதச் சட்டத்தரணியிடம் போனபோது நானும் கூடப் போனேன். ஏழு நிபந்தனைகள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதில் தொடங்கி, வளவு நிலத்தில் எந்த மரமும் நடக்கூடாது என்பதில் முடிந்தது. ஏழாவதை எழுத வந்தபோது சட்டத்தரணி பேனையை நிறுத்தினார்.

“மிளகாய், வெங்காயம்?”

“பிடுங்கினா முடியிறதெல்லாம் வைக்கலாம்” என்றார் பெரியம்மா. “ஆக்கள் போனபிறகும் நிக்கிறது கூடாது.”

மிஸ்ஸி கையெழுத்து வைத்தார்.

குடிவந்த அன்று லொறியிலிருந்து கட்டிலும் அலுமாரியும் இறங்கமுதல் வாளிகள் இறங்கின. பெயின்ற் வாளி, பிடி உடைந்த வாளி, எண்ணெய்த் தகரம் என்று மொத்தம் பதினொன்று. மல்லிகை, தூதுவளை, தேசிக்காய்க் கன்று எல்லாம் வந்தன. ஒரு பெரிய நீல வாளியில் என் உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை.

“இது என்ர கலியாணத்துக்கு முந்தினது அன்ரி. இதுக்கு இது அஞ்சாவது வீடு” என்று மிஸ்ஸி அதை ஒரு வீட்டு ஆளைப் போல அறிமுகம் செய்தார்.

பெரியம்மா உள்ளே போய் ஒப்பந்தத்தை எடுத்துவந்து, கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தார். நிலத்தில் என்றுதான் எழுதியிருந்தது. வாளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் பெரியம்மா சும்மா விடுகிற ஆள் இல்லை. வாளிகளின் அடியில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரே இடத்தில் கனநாள் இருந்தால் வேர் ஓட்டையால் நிலத்துக்கு இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாளிகளை ஒரு முழம் நகர்த்தவும், வளவில் வேறெங்காவது ஏதும் முளைத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் என்னை நியமித்தார். சம்பளம் ஒரு கிம்புளா பணிஸ், மேலே சீனி தூவிய நீட்டு இனிப்பு ரொட்டி. அவ்வளவு அதிகாரமுள்ள பதவி எனக்கு அதன்பிறகு கிடைத்ததில்லை.

மிஸ்ஸியும் என்னோடு சேர்ந்து வாளி நகர்த்துவார். தலை இழுத்துப் பின்னிவிடுவார், கணக்குச் சொல்லித் தருவார், பால் தேத்தண்ணியும் தருவார். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக என் உத்தியோகம் கெட்டுப்போனது. ஒருநாள், பெரியம்மாவில் கோபம் இல்லையா என்று கேட்டேன்.

“இதில என்ன கோபம்? அன்ரி சொல்லாட்டிலும் நான் நிலத்தில வைக்கமாட்டன்” என்றார். “எங்கட அப்பா மலைநாட்டில, தேயிலைத் தோட்டத்து லயத்தில பிறந்தவர். அங்கயிருந்து இங்க வந்து, இங்கயும் எத்தினை இடம். நிலத்தில வைச்சா விட்டிட்டுப் போகவேணுமெல்லே.”

மிஸ்ஸி கொஞ்சம் கஞ்சம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் மிஸ்ஸியின் கிணற்றடியில், தண்ணீர் வழிந்தோடும் இடத்தில், ஒரு பப்பாசி முளைத்தது. நாலு இலையில் கண்டேன், சொல்லவில்லை. முழங்கால் உயரத்தில் கண்டேன், சொல்லவில்லை. பெரியம்மாவின் கண்ணில் பட்டபோது அது அவரைவிட உயரமாகிப் பூவும் வைத்துவிட்டது. ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

“இது ஆர் வைச்சது?”

“நான் வைக்கேல்ல அன்ரி. காகம் போட்டிருக்கும்.”

“காகம் ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்கேல்ல மிஸ்ஸி.”

அடுத்த மாதம் வேறு வீடு பாருங்கள் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். நான் நேரத்தோடு சொல்லியிருந்தால் விரலால் பிடுங்கி எறிந்திருக்கலாம். மிஸ்ஸி வீடில்லாமல் போவது நான் சொல்லாமல் விட்டதால்தான் என்று நினைத்து, வாழைக்குப் பின்னால் போயிருந்து அழுதேன்.

பெரியம்மா கத்தியோடு பப்பாசியடிக்குப் போனபோது அம்மா மறித்தார். மிஸ்ஸி முழுகாமல் இருக்கிறா, மூன்று மாதம் என்றார். பெரியம்மா அப்படியே நின்றுவிட்டார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வளவில் பூத்த மரத்தை வெட்டக்கூடாது, பிள்ளைத்தாய்ச்சி வீடும் மாறக்கூடாது என்பது பெரியம்மாவே கட்டிக் காத்த வழக்கம். தம்பி வயிற்றில் இருந்தபோது எங்கள் கூரை ஒழுகியும், ஓடு மாற்ற அப்பாவை விடாமல் சட்டி வைத்துத் தண்ணீர் ஏந்தச் செய்தவர் அவர். இப்போது தன் சட்டத்தில் தானே அகப்பட்டு, கத்தியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன்.

“பெரியம்மா, நான்தான் அந்தக் கொட்டையைப் போட்டனான்.”

அது பொய். பெரியம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அடி விழும் என்று நான் கண்ணை மூட, அவர் என் தலையைத் தடவினார். எங்கள் பிள்ளை வைத்தால் எங்கள் மரம். அன்றே கொப்பித்தாளில் அதை என்னைக்கொண்டு எழுதுவித்து, கையெழுத்தும் வாங்கி, வீட்டு உறுதிப் பத்திரத்தோடு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மிஸ்ஸி எழும்பத் தேவையில்லை என்றாயிற்று. பப்பாசியும் வஞ்சகமில்லாமல் காய்த்தது. பிள்ளைத்தாய்ச்சி பப்பாசி தின்னக்கூடாது என்பதால், மிஸ்ஸியின் கிணற்றடிப் பழத்தை மிஸ்ஸி பார்த்துக்கொண்டிருக்க நாங்கள்தான் தின்றோம்.

குழந்தைக்கு எட்டு மாதமானபோது, பெரியம்மா முதலில் கணித்ததைவிட முந்தியே, முல்லைத்தீவுக்கு இடமாற்றம் வந்தது. அங்கே தண்ணீரூற்று என்ற ஊரில் வீடு பார்த்திருந்தார்கள். பெரியம்மா சந்தோசப்படுவார் என்று பார்த்தேன். அவர் இரண்டு நாளாக ஒருவரோடும் சரியாகக் கதைக்கவில்லை.

லொறியில் வாளிகள் ஏறின. கடைசியில் நீல வாளி மிஞ்சியது. அதன் ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது.

“ஏத்தினா உடைஞ்சிடும் அன்ரி. இதை நீங்கள் வைச்சிருங்கோ” என்றார் மிஸ்ஸி.

பெரியம்மா மண்வெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். நான் கிண்டத் தொடங்க, அதைப் பறித்து மிஸ்ஸியிடம் நீட்டிவிட்டு, குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

“நீயே வை பிள்ளை.”

“அன்ரி, ஏழாவது நிபந்தனை…”

“அது நான் எழுதுவிச்சதுதானே. வை.”

லொறிக்காரர் கோர்ண் அடித்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி போக உடுத்திருந்த நல்ல சீலையோடு முழங்காலூன்றி, கறிவேப்பிலையை நிலத்தில் வைத்து, கையால் மண்ணை இறுக்கினார். இறுக்கிய மண்ணையே திரும்பத் திரும்ப இறுக்கினார். எழும்பியபோது அவருடைய முகமெல்லாம் நனைந்திருந்தது. எனக்குப் பெரியம்மாவில் வந்த கோபத்துக்கு அளவில்லை. போகிற நேரத்திலும் அந்த மனுசியிடம் வேலை வாங்கி, சீலையையும் பழுதாக்கி, அழவும் வைத்துவிட்டாரே என்று கொதித்தேன்.

அதன்பிறகு பெரியம்மாவோடு நான் கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, வழக்கம்போலப் பணிஸை நீட்டினார். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். நகர்த்துவதற்கு வளவில் ஒரு வாளியும் இல்லாத அன்று பெரியம்மா எதற்காகப் பணிஸ் வாங்கி வைத்திருந்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.